தண்ணீர் பாட்டிலில் சரக்கின் பெயர்: மைதானத்து மது விளம்பரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கிரிக்கெட்டும் சாராய விளம்பரமும்தான். ஐபிஎல் சமயத்தில் எப்போதும் இப்படித்தான் வந்து குவியும். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன், ஊர்ப் பெயர் மட்டும் போட்டிருக்கிறேன்.

பிரான்ஸில் மதுவையே தடை செய்துவிட்டார்களாமே, பிறகு எப்படி அங்கே ஒயின் விற்கிறது? (கோவை)

அனுப்புவதற்கு முன் ஒரு நிமிடம் தேடிப் பார்த்திருக்கலாம். பிரான்ஸில் மதுவுக்குத் தடை கிடையாது. 1991-ல் வந்த எவின் சட்டம் தடுப்பது தொலைக்காட்சி மது விளம்பரத்தையும், மது நிறுவனங்கள் விளையாட்டுக்கு ஸ்பான்சர் செய்வதையும். அதனால்தான் 1998 கால்பந்து உலகக் கோப்பை அங்கே நடந்தபோது, 1986 முதல் ஃபிஃபாவுக்குப் பணம் கொடுத்துவந்த பட்வைசர் பீர் கம்பெனி மைதானத்தில் ஒரு போர்டுகூட வைக்க முடியவில்லை. ஒரு பீரின் பெயரைத் தாங்கிய ஐரோப்பிய ரக்பியின் ஹெய்னெக்கென் கோப்பை பிரான்ஸுக்குள் வெறும் ‘எச் கோப்பை’ ஆனது. விற்பது வேறு, விளம்பரம் செய்வது வேறு. பத்துக் கடிதத்தில் ஐந்து இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறது.

அப்படியானால் 2022-ல் கத்தார் செய்தது? (சேலம்)

தலைகீழ். உலகக் கோப்பை தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது மைதான வளாகத்தில் பீர் விற்பனையை நிறுத்தினார்கள். பீர் கம்பெனியின் பெயர் மட்டும் மைதான ஓரத்தில் கடைசி நாள் வரை ஓடிக்கொண்டிருந்தது.

ஐபிஎல்லில் வருவது தண்ணீர், சோடா, மியூசிக் சிடி விளம்பரம்தானே சார். சட்டப்படி சரியாக இருக்கும்போது ஏன் பெரிதாக்குகிறீர்கள்? (சென்னை, இதே கேள்வி இன்னும் நான்கு ஊர்களிலிருந்து)

பெரிதாக்கித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் நம் நாட்டில் மது விளம்பரத்தின் மொத்தக் கதையும் இதற்குள்தான் இருக்கிறது.

கேபிள் தொலைக்காட்சி விதிகள், 1994. அதில் 7-வது விதி மது, சிகரெட் எதையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரப்படுத்தக் கூடாது என்கிறது. ‘மறைமுகமாக’ என்பதும் அதில் இருக்கிறது, கவனியுங்கள். அப்புறம் 2009-ல் ஒரு விலக்கு சேர்த்தார்கள்: மதுவின் அதே பெயரில் வேறு ஒரு பொருள் இருந்தால் அதை விளம்பரம் செய்யலாம், ஆனால் அந்தப் பொருளை மட்டும்தான் காட்ட வேண்டும், மதுவோடு சேர்த்துப் பார்க்கப்படும் நிறம், வடிவமைப்பு, சூழல் எதுவும் வரக் கூடாது. எழுத்தில் கண்டிப்பான விதிதான். இப்போது டிவியைப் பாருங்கள். மொட்டைமாடி, ராத்திரி, நாலு நண்பர்கள், கண்ணாடி டம்ளர் முட்டும் சத்தம், பாட்டில் லேபிளில் இருக்கும் அதே சிவப்பும் தங்க நிறமும், அந்த மதுவுக்கே உரிய வாசகம், கடைசி அரை நொடியில் மூலையில் ‘பேக்கேஜ்டு டிரிங்கிங் வாட்டர்’ என்று எறும்பு அளவில் எழுத்து. தண்ணீர் குடிக்க யாராவது இப்படிக் கூடுவார்களா?

ஒரு சோதனை சொல்கிறேன், செய்து பாருங்கள். விளம்பரத்தில் வந்த அந்தத் தண்ணீரையோ சோடாவையோ உங்கள் தெருவில் நாலு கடையில் கேளுங்கள். பெரும்பாலும் கிடைக்காது. மியூசிக் சிடியைச் சொல்லவே வேண்டாம், சிடி பிளேயரே வீட்டில் இல்லாத காலத்தில் சிடிக்கு யார் கோடிக் கணக்கில் செலவழிக்கிறார்கள்? விற்க வேண்டியது பெயர்தான், தண்ணீர் அதற்கு ஒரு பினாமி.

2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் புதிய வழிகாட்டுதல்கள் கொண்டுவந்தது. பினாமி விளம்பரத்துக்குத் தடை என்று வெளிப்படையாகவே எழுதினார்கள், சந்தோஷப்பட்டேன். ஆனால் அதிலேயே, பெயர் ஒன்றாக இருப்பதாலேயே ஒரு விளம்பரம் பினாமி ஆகிவிடாது, வேறு ஆட்சேபம் இல்லாவிட்டால் சரி என்று ஒரு வரியும் இருக்கிறது. பெயரில்தான் பிரச்சினையே, அந்தப் பெயருக்கே விலக்கு கொடுத்துவிட்டு மற்றதை எல்லாம் தடுத்து என்ன பயன்? மைதானத்தின் பவுண்டரி போர்டில் கதையும் கிடையாது, டம்ளரும் கிடையாது. பெயர் மட்டும்தான், மூன்றரை மணி நேரம்.

போர்டு என்ன, ஒரு அணியின் பெயரே அப்படித்தான் வந்தது. 2008-ல் விஜய் மல்லையா பெங்களூரு அணியைச் சுமார் 11 கோடி டாலருக்கு, அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 450 கோடி ரூபாய்க்கு வாங்கி, தன் கம்பெனி விஸ்கியின் பெயரை வைத்தார். அதன் பிறகு வர்ணனையாளர் வாயிலும் செய்தித்தாள் தலைப்பிலும் ரசிகர் முழக்கத்திலும் ஒரு பைசா செலவில்லாமல் அந்தப் பெயர் ஓடுகிறது. அந்த ரசிகர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, பதினெட்டு சீசன் காத்திருந்து 2025-ல் கோப்பையைப் பார்த்தவர்கள். அந்தப் பாசத்தை ஒரு விஸ்கியின் பெயரோடு முடிச்சுப் போட அனுமதித்ததுதான் தப்பு.

2025 மார்ச்சில் மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநர் ஐபிஎல் தலைவருக்குக் கடிதமே எழுதினார்: மது, புகையிலை விளம்பரம், பினாமி விளம்பரம் உட்பட எதுவும் மைதானத்திலும் ஒளிபரப்பிலும் வேண்டாம் என்று. நல்ல கடிதம். ஆனால் கடிதம் கடிதம்தான், சட்டம் இல்லை.

எப்போதும் சொல்வதையே மறுபடி சொல்கிறேன்: பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காதீர்கள், பாட்டில் மேல் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

என் பையனுக்கு ஒன்பது வயது. அவனுக்குப் பிடித்த அணியின் ஜெர்சி வாங்கினேன், அதில் மது கம்பெனி லோகோ இருக்கிறது. என்ன செய்யலாம்? (திருநெல்வேலி)

லோகோ இல்லாத ஜெர்சி கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிடைக்காவிட்டால் லோகோ மேல் துணி வைத்துத் தைத்துவிடுங்கள், பையன் கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள், ஒன்பது வயதுக்குப் புரியும். அணிக்கும் எழுதிக் கேளுங்கள். பிரிட்டனில் லிவர்பூல் அணி 1992 முதல் 2010 வரை கார்ல்ஸ்பெர்க் பீரின் பெயரோடு ஆடியது, ஆனால் கடைசி சில ஆண்டுகளில் குழந்தைகளுக்கு விற்ற ஜெர்சியில் அந்தப் பெயர் இல்லை. மது நிறுவனங்களே தங்களுக்குள் போட்டுக்கொண்ட விதி அது. அங்கே அவ்வளவு முடிந்தது இங்கே ஏன் முடியாது?

விளம்பரத்தைப் பார்த்து யாராவது குடிக்கத் தொடங்குவார்களா? சும்மா சொல்லாதீர்கள். (ஈரோடு)

சும்மா சொல்லவில்லை. சிறுவர்களை ஆண்டுக் கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. மது விளம்பரத்தை அதிகம் பார்த்தவர்கள் சீக்கிரம் தொடங்குகிறார்கள், ஏற்கெனவே குடிப்பவர்கள் கூடுதலாகக் குடிக்கிறார்கள் என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. ‘குடிப்பவர் பிராண்ட் மாற்றத்தான் விளம்பரம்’ என்று கம்பெனிகள் சொல்லும். சரி, அப்படியென்றால் எட்டு வயதுப் பிள்ளைகள் நிறைந்த மைதானத்தில் எதற்குப் போர்டு? மதுவால் உலகத்தில் ஆண்டுக்கு 26 லட்சம் பேர் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

மது கம்பெனிப் பணம் இல்லாவிட்டால் விளையாட்டு அழிந்துவிடாதா? (பெங்களூரு)

சிகரெட்டுக்கும் இதையேதான் சொன்னார்கள். 1996 உலகக் கோப்பைக்கே வில்ஸ் என்று பெயர், இந்திய வீரர்கள் நெஞ்சிலும் அதே வில்ஸ். 2001-ல் வில்ஸ் சிகரெட்டின் கம்பெனியான ஐடிசி விலகியது, சஹாரா வந்தது, கிரிக்கெட் அழிந்ததா? ஐபிஎல்லின் ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை மட்டும் சுமார் 48,000 கோடிக்குப் போனது. 2025-ல் இந்திய அணி ஜெர்சிக்குப் புது ஸ்பான்சர் தேடியபோது மது கம்பெனிகள் விண்ணப்பிக்கவே கூடாது என்று பிசிசிஐயே எழுதியது, டயர் கம்பெனி வந்தது. நாட்டு ஜெர்சிக்கு ஆகாதது லீக் ஜெர்சிக்கு மட்டும் எப்படி ஆகும்?

சின்ன விளையாட்டுகளுக்குப் பணக்கஷ்டம் நிஜம், அதை மறுக்கவில்லை. அதற்கும் வழி இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1987-ல் புகையிலை வரியில் ஒரு நிதி அமைத்து, சிகரெட் கம்பெனிகள் கொடுத்துவந்த ஸ்பான்சர் பணத்தைத் தானே கொடுத்தது. மது வரியில் இவ்வளவு வசூலிக்கும் நம் மாநிலங்கள் அதில் ஒரு சிறு பங்கை கபடிக்கும் ஹாக்கிக்கும் ஒதுக்க முடியாதா?

அரசே டாஸ்மாக் நடத்துகிறது, அப்புறம் விளம்பரத்தைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது? (தஞ்சாவூர்)

உங்கள் கோபம் நியாயம். 2003-லிருந்து சில்லறை விற்பனை முழுக்க அரசு கையில். 2023 ஏப்ரலில் திருமண மண்டபத்திலும் விளையாட்டு நிகழ்ச்சிகளிலும் மது பரிமாறச் சிறப்பு அனுமதி என்று விதி மாற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் கல்யாண மண்டபத்தை எடுத்துவிட்டு விளையாட்டுக்கான அனுமதியை அப்படியே வைத்துக்கொண்டார்கள். மண்டபத்துக்குக் கத்தியவர்கள் மைதானத்துக்குக் கத்தவில்லை, எனக்கு அதுதான் வருத்தம். ஆனால் கடை இருக்கிறது என்பதற்காக விளம்பரமும் இருக்கட்டும் என்பது வாதம் ஆகாது. கடையைத் தேடிப் பெரியவர்கள் போகிறார்கள், விளம்பரம் பிள்ளைகளைத் தேடி வீட்டுக்குள் வருகிறது.

லோகோ வேண்டாம் என்று ஒரு வீரர் மறுக்க முடியுமா? (காயல்பட்டினம்)

முடியும். ஹாஷிம் ஆம்லா தென்னாப்பிரிக்க அணியில் காஸில் பீர் லோகோ இல்லாத சட்டையில்தான் ஆடினார். 2013-ல் ஆஸ்திரேலியாவுக்கு ஆடிய ஃபவாத் அகமதுவுக்கும் அதேபோல் விட்டுக்கொடுத்தார்கள். 2021-ல் மொயின் அலி சென்னை அணியிடம் இப்படிக் கேட்டதாகச் செய்தி பரவியது, அணி நிர்வாகம் அதை மறுத்தது. அதையே உண்மை என்று இன்னும் எனக்கு அனுப்பிக்கொண்டிருக்காதீர்கள். 2022 ஜனவரியில் ஹோபார்ட்டில் ஆஷஸ் கோப்பையோடு நின்ற பாட் கம்மின்ஸ், முஸ்லிம் என்பதால் மதுவிலிருந்து விலகி நின்ற உஸ்மான் கவாஜா மேடைக்கு வர வேண்டும் என்பதற்காக ஷாம்பெயின் பாட்டிலை ஓரமாக வைக்கச் சொன்னார். ஒரு கேப்டன் நினைத்தால் ஒரு நொடி வேலை.

ஜீரோ ஆல்கஹால் பீர் விளம்பரமும் தப்பா? (புதுச்சேரி)

பெயரைப் பாருங்கள் என்றேனே. அயர்லாந்தில் போட்டி நடக்கும்போது ஆடுகளப் பகுதியில் மது விளம்பரம் கூடாது என்று 2021 நவம்பரில் விதி வந்தது, அடுத்த சிக்ஸ் நேஷன்ஸ் ரக்பியிலேயே புல்தரையில் கின்னஸ் பீரின் ஜீரோ ஆல்கஹால் வகை, கின்னஸ் 0.0 வந்துவிட்டது. 2024 முதல் ஒலிம்பிக்குக்கே ஒரு பீர் கம்பெனி ஸ்பான்சர், முன்னால் நிற்பது அதன் ஜீரோ பீர். எழுத்து, நிறம், சின்னம் எல்லாம் அதேதான்.

இலங்கையில் நிலைமை என்ன? (யாழ்ப்பாணம்)

சட்டத்தில் எங்களைவிட நீங்கள் முன்னால். உங்கள் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் மது, புகையிலை இரண்டுக்கும் விளம்பரத்தையும் ஸ்பான்சரையும் தடுக்கிறது. ஆனால் ஐபிஎல் ஒளிபரப்போடு எங்கள் பவுண்டரி போர்டு உங்கள் வீட்டுக்கும் வந்துவிடுகிறதே, அதற்கு எங்கள் பக்கம்தான் தீர்வு வேண்டும்.

எங்கள் ஊர் கபடிப் போட்டிக்கு பார் நடத்துபவர் முதல் பரிசு தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? (சிவகங்கை மாவட்டம்)

அவர் ஊர்க்காரராகத் தன் பெயரில் தந்தால் அது ஊர் விஷயம், கமிட்டி முடிவு செய்யட்டும். பாரின் பெயர் பிளெக்ஸிலும், பையன்கள் பனியனிலும், மைக்கிலும் வரக் கூடாது. ‘பெயர் போடாவிட்டால் தர மாட்டேன்’ என்று சொன்னால் அது பரிசே இல்லை, விளம்பரக் கட்டணம். அப்படியானால் வேண்டாம். பரிசுத் தொகை ஐயாயிரம் குறைந்தாலும் ஆட்டம் குறையாது.

புகார் கொடுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. (திருச்சி, இன்னும் பலர்)

உங்கள் புகாரின் நகலைப் பார்த்தேன். ‘டிவியில் சாராய விளம்பரம் வருகிறது, நடவடிக்கை எடுக்கவும்’, இவ்வளவுதான் இருக்கிறது. எந்தச் சேனல், எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தப் பெயர்? ஒன்றும் இல்லாமல் யார் என்ன செய்ய முடியும்? திரையை போனில் படம் எடுங்கள். நிறம், வாசகம், டம்ளர் எதுவெல்லாம் மதுவை ஞாபகப்படுத்துகிறது என்று எழுதுங்கள், ‘பெயர் ஒன்றாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதினால் மேலே சொன்ன அந்த விலக்கைக் காட்டித் தப்பித்துவிடுவார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, விளம்பரத் தர நிர்ணய கவுன்சிலுக்கு இணையத்திலேயே அனுப்பலாம். தவறான விளம்பரம் என்று முடிவானால் முதல் முறை 10 லட்சம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம், அதில் நடிக்கும் பிரபலத்துக்கு ஓராண்டு வரை விளம்பரத் தடையும் போடலாம். அதனால் படத்தில் எந்த வீரர் இருக்கிறார் என்பதையும் எழுதுங்கள். இதை எல்லாம் சேர்த்து இன்னொரு முறை அனுப்புங்கள், நகலை எனக்கும் போடுங்கள்.