தசைச்சிதைவும் குரலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

டியூஷென் வகைத் தசைச்சிதைவு உள்ள என் 17 வயது மகனின் குரல் மிகவும் தணிந்துவிட்டது. குரல்நாண்கள் பழுதாகிவிட்டனவா?

பெரும்பாலும் இல்லை. இந்நோயில் தசைகளைக் காக்கும் டிஸ்ட்ரோஃபின் என்னும் புரதம் இருப்பதில்லை. அதே புரதம் இல்லாத எலிகளை ஆராய்ந்தபோது, மூச்சை இயக்கும் முதன்மைத் தசையான உதரவிதானம் கடுமையாகச் சிதைந்திருந்த நிலையிலும் குரல்வளையின் உட்தசைகள் பெரிதும் தப்பியிருந்தன. குரல்நாண்களை அதிரச் செய்வது நுரையீரலிலிருந்து எழும் காற்றின் அழுத்தமே என்பதால், சுவாசத் தசைகள் தளரத் தளர ஒலி தணிகிறது. நீண்ட வாக்கியம் பாதியில் நின்று மூச்சுக்குக் காத்திருக்கிறது. இத்தகைய பிள்ளைகளை "உரக்கப் பேசு" என்று வகுப்பறையில் கண்டிப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. தயவுசெய்து ஆசிரியர்களிடம் சொல்லிவையுங்கள். நுரையீரல் செயல்திறனையும் இருமலின் உச்சக் காற்றோட்டத்தையும் உடனே அளந்து பாருங்கள். பெரியவர்களிலும் பதின்வயதினரிலும் இருமலின் உச்சக் காற்றோட்டம் நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் குறைந்தால் துணையுடன் இருமும் முறைகளைக் கற்க வேண்டும். 160-க்கும் கீழே சென்றால் சளியைத் தாமாக வெளியேற்றுவது கடினம். காலைத் தலைவலியும் இரவில் அடிக்கடி விழிப்பதும் இருந்தால், இரவுநேரச் சுவாசக் கருவி தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கையால் அழுத்தும் பையைக் கொண்டு காற்றை அடுக்கடுக்காக நுரையீரலுக்குள் செலுத்தும் பயிற்சியில் காற்று உள்ளே நிற்பதில்லை. ஏன்?

உள்ளே போன காற்றைத் தாங்கிப் பிடிப்பது குரல்நாண்கள் இறுக மூடுவதால்தான். முதலில் மூக்கு, உதடு வழியே கசிகிறதா என்று பார்க்கவும். அங்கே கசிவில்லை என்றால், குரல்நாண்கள் இறுக மூடாமல் இருக்கலாம்; அப்போது ஒருவழி வால்வு பொருத்திய பையோ இருமல் துணைக் கருவியோ உதவும்.

மயோடோனிக் வகைத் தசைச்சிதைவு உள்ள என் கணவரின் பேச்சு மூக்கொலியாக, தெளிவின்றி இருக்கிறது. பேசப் பேசச் சற்றுச் சீராகிறது.

வாயின் மேற்பகுதியில் பின்புறமுள்ள மெல்லண்ணம் தளர்ந்து, காற்று மூக்கு வழியே போவதே மூக்கொலிக்குக் காரணம். சுருங்கிய தசை உடனே தளராத இறுக்கம் நாக்கிலும் இருப்பதால், சிறிது பேசிய பின் பேச்சு சீராவது இந்நோயில் அறியப்பட்ட இயல்பே. உண்ட பிறகு குரல் ஈரமாகக் கரகரத்தால், இருமல் வராவிட்டாலும் விழுங்கும் சோதனை அவசியம். எந்த அறுவைச் சிகிச்சைக்கு முன்பும் நோயின் பெயரை மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறு அளவு மருந்தே இவர்களின் சுவாசத்தை ஆபத்தாக ஒடுக்கக்கூடும்.

கழுத்தில் துளையிட்டு மூச்சுவிடக் குழாய் பொருத்தினால் பேச்சு நின்றுவிடுமா?

பலர் தொடர்ந்து பேசுகிறார்கள். குழாயைச் சுற்றிக் காற்று மேலேறிக் குரல்வளையை அடைய வழியிருந்தால் போதும். குழாய் வழியே மூச்சை உள்ளே மட்டும் விடும் பேச்சு வால்வு அதற்குத் துணைசெய்யும். ஆனால் குழாயைச் சுற்றி மூச்சுப்பாதையை அடைக்கும் காற்றுப்பை ஊதியிருக்கும்போது அந்த வால்வை ஒருபோதும் மாட்டக்கூடாது. உள்ளிழுத்த மூச்சு வெளியேற வழியே இராது.