கிரிக்கெட்டை நிறுத்த வேண்டாம்

வணக்கம் ஐயா. பத்தாம் வகுப்பு படிக்கும் மகனின் சட்டையில் சிகரெட் வாடை வந்ததால் மாலைக் கிரிக்கெட்டையே நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நிறுத்த வேண்டாம் என்பதே என் கருத்து. ஆட்டம் முடிந்த பின், பெரியவர் எவரும் அருகில் இல்லாமல் பெட்டிக்கடை வாசலில் கழியும் நேரத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

ஐஸ்லாந்தில் 1998-இல் 15, 16 வயதினரில் 23 விழுக்காட்டினர் நாள்தோறும் புகைத்தனர். விளம்பரத் தடையோடு, பயிற்சியாளர் மேற்பார்வையில் நடக்கும் விளையாட்டுக்கும் இசை வகுப்புக்கும் பொதுப்பணம் ஒதுக்கி, பெற்றோரையும் பிள்ளைகளோடு கூடுதல் நேரம் செலவிடத் தூண்டிய நிலையில், 2016-இல் அது 3 விழுக்காடாகக் குறைந்தது.

ஆகவே பயிற்சியாளர் உள்ள குழுவில் சேர்த்துவிட்டு, முடியும் நாள்களில் நீங்களே போய் அழைத்து வாருங்கள். 18 வயதுக்குட்பட்டோருக்குச் சிகரெட் விற்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்று கடைக்காரரிடம் சொல்லத் தயங்காதீர்கள். வாடை நண்பனுடையதாகவும் இருக்கலாம் என்பதால், மகனிடம் முதலில் திட்டாமல் கேளுங்கள்.