எலக்ட்ரீஷியன் வேலையில் பழைய ஆட்கள் வெளியே சொல்லாத தொழில் நுணுக்கங்கள் என்னென்ன?

"வெளியே சொல்லாத" என்று கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த வார்த்தைதான் என்னை எழுத வைத்தது. அநேகமாக நீங்கள் யாரிடமோ கையாளாக இருப்பீர்கள். சுவர் வெட்டுவது, பைப் பதிப்பது, ஏணி பிடிப்பது எல்லாம் உங்கள் தலையில். டிபியை (வீட்டு வயர் எல்லாம் வந்து சேரும் மெயின் பெட்டியை) திறக்கும் நேரம் வந்ததும் "தம்பி, கீழே போய் டேப் எடுத்துட்டு வா" என்று அனுப்பிவிடுவார்கள். எனக்கும் அதுதான் நடந்தது. மாடிப்படி விளக்கை மேலேயும் கீழேயும் போட்டு அணைக்க டூவே கனெக்ஷன் கொடுக்கும்போது எங்கள் மேஸ்திரி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அதில் மறைக்க என்ன இருக்கிறது? ஒரு சுவிட்சின் நடு முனைக்கு ஃபேஸ் (கரண்ட் வரும் வயர்), இன்னொரு சுவிட்சின் நடு முனையிலிருந்து விளக்குக்கு, மிச்ச முனைகளை இரண்டு வயரால் இணைக்க வேண்டும். தாளில் வரைந்து காட்டினால் முடிந்தது. இதைத் தெரிந்துகொள்ள நான் கழற்றி மாட்டப்போகும் பழைய போர்டுகளைத் திருட்டுத்தனமாகத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இன்ஜினியர் இல்லை. "தியரிப்படி இது முழுமையான விளக்கம் இல்லையே" என்று யாராவது வருவீர்கள், தெரியும். தொழிலில் இருக்கும் பையனுக்காக எழுதுகிறேன். தொழிலில் இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டு டிபி மூடியில் கை வைக்க வேண்டாம்.

சில்லறை வித்தைகள் எங்கேயும் கிடைக்கும். ஸ்குரூ கீழே விழாமல் இருக்க முனையில் டேப் சுற்றுவது, டிரில் போடும் இடத்துக்குக் கீழே மடித்த தாளை ஒட்டித் தூசியைப் பிடிப்பது, போர்டைக் கழற்றுவதற்கு முன் ஃபோனில் படம் எடுப்பது. எல்லாம் நல்ல பழக்கம்தான், ஆனால் இதற்காக யாரும் உங்களைத் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பவனைத்தான் கூப்பிடுவார்கள்.

அதற்கு முதல் படி, டெஸ்டர் சொல்வதை அப்படியே நம்பாமல் இருப்பது. உள்ளே இருக்கும் நியான் குமிழுக்கு மிகச் சொற்பமான கரண்ட் போதும். லைன் போகும் வயருக்குப் பக்கத்திலேயே ஓடும், எதிலும் இணைக்காத வயர்கூட அதை எரிய வைக்கும். பிளக் பாயிண்டின் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரிகிறதா? "ரெண்டு ஃபேஸ் வருது சார்" என்று சொல்லிவிடாதீர்கள். நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) எங்கோ அறுந்திருக்கிறது, ஆனில் இருக்கும் ஏதோ ஒரு விளக்கு வழியாக ஃபேஸ் இந்தப் பக்கம் வந்து நிற்கிறது. அந்த வயர் நியூட்ரல் நிறத்தில் இருக்கும், தொட்டால் ஷாக் அடிக்கும். டிஜிட்டல் மல்டிமீட்டரும் இதே போலத்தான், தொங்கும் வயரில் இல்லாத வோல்டேஜைக் காட்டும். ஹோல்டரில் ஒரு குண்டு பல்பைப் போட்டு இரண்டு வயர் நீட்டி வைத்துக்கொண்டால் அது பொய் சொல்லாது. லைன் இல்லை என்று எந்தக் கருவி சொன்னாலும், உடனே அதே கருவியை லைன் இருக்கும் இன்னொரு பாயிண்டில் வைத்துப் பாருங்கள். கருவியே செத்துக் கிடக்கலாம்.

அதே பல்பை சீரிஸிலும் போடலாம். ரிப்பேர் பார்த்த சாமானை நேரடியாக லைனில் மாட்டாமல் 100 வாட் குண்டு பல்பு வழியாகக் கொடுங்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், அவ்வளவுதான். 230 வோல்ட்டில் அரை ஆம்பியர்கூடப் போகாது, ஃப்யூஸும் போகாது. எல்இடி பல்பு இதற்கு உதவாது.

இனி நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு வேலை. ஒரு வீட்டில் ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழுந்துகொண்டிருந்தது, அதுவும் பெரும்பாலும் மாலையில். எனக்கு முன்னால் வந்தவர் ஆர்சிசிபி பழுது என்று புதிதாக மாற்றியிருக்கிறார். அதுவும் விழுந்தது. அடுத்து ஹீட்டரில் லீக்கேஜ் என்று ஹீட்டரைக் கழற்ற வைத்திருக்கிறார். நான் போகும்போது வீட்டுக்கார அம்மா நொந்துபோய் இருந்தார். "அந்தத் தம்பி 30-க்குப் பதிலா 100 மில்லியாம்பியர் போட்டா நிக்கும்னு சொல்றாரு. போட்டுடலாமா?" என்றார்.

நிற்கும்தான். ஆனால் ஆளைக் காப்பாற்ற என்று வைத்திருப்பது 30. 100, 300 எல்லாம் தீ விபத்தைத் தடுக்கும் கணக்கு. கசிவைத் தேடாமல் காவலைத் தளர்த்துவதை நான் வேலை என்று ஏற்றுக்கொள்வதில்லை. "வேண்டாம்மா, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாக இருக்கும் எம்சிபி சுவிட்ச் எல்லாவற்றையும் இறக்கினேன். ஆர்சிசிபி விழாமல் நின்றது. சமையலறை எம்சிபியை மட்டும் ஏற்றி அயர்ன் பாக்ஸைப் போட்டேன், விழுந்தது. அதைக் கழற்றிவிட்டு வேறொரு அறையின் எம்சிபியை ஏற்றி அங்கே கெட்டிலைப் போட்டேன், அதுவும் விழுந்தது. இரண்டு சாமானிலும் ஒரே நேரத்தில் லீக்கேஜ் இருப்பது அபூர்வம். பெரிய லோடு எங்கே போட்டாலும் விழுகிறது என்றால் என் சந்தேகம் நியூட்ரல் மேல்தான் போகும்.

சாதாரண சிங்கிள் போல் எம்சிபி ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். எம்சிபியை இறக்கினாலும் அந்த சர்க்யூட்டின் நியூட்ரல், டிபியில் எல்லா நியூட்ரலும் சேரும் பாருடன் ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். அந்த நியூட்ரல் எங்கேயோ எர்த்தைத் தொட்டால், மற்ற அறைகளிலிருந்து திரும்பி வரும் கரண்டில் கொஞ்சம் அந்த வழியாக நழுவிவிடும். போன கரண்டும் வந்த கரண்டும் சமமில்லை என்றதும் ஆர்சிசிபி விழும். அதற்குத் தெரிந்தது அந்த ஒரு கணக்குதான், ஓவர்லோடு எல்லாம் அதற்குத் தெரியாது. மாலையில் விழுந்த காரணம் இதுதான். லோடு ஏற ஏற நழுவுவதும் ஏறும்.

மெயினை இறக்கி, லைன் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பாரிலிருந்து நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். லைன் இருக்கும்போது நியூட்ரலைக் கழற்றவே கூடாது, த்ரீ ஃபேஸ் வீடு என்றால் டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் புகைந்துவிடலாம். படுக்கையறை நியூட்ரலை எடுத்துவிட்டு மெயினை ஏற்றியதும் அயர்ன், கெட்டில் இரண்டையும் சேர்த்துப் போட்டாலும் ஆர்சிசிபி அசையவில்லை. அந்தப் படுக்கையறை எம்சிபி ஆரம்பத்திலிருந்தே இறக்கிக் கிடந்தது! கழற்றிய நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் மெகர் (வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்தால் பூஜ்யம். அறைக்குள் போய்ப் பார்த்தேன். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே புதிதாக ஒரு அலமாரி. அதன் ஸ்குரூ ஒன்று பைப்புக்குள் நுழைந்து நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் குத்தியிருந்தது.

வயர் மாற்றும்போது பழைய வயரையே இழுவையாகப் பயன்படுத்தினேன். மூன்று புது வயரையும் ஒரே இடத்தில் கட்டினால் முடிச்சு வளைவில் சிக்கும். ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தள்ளித் தள்ளிக் கட்டி, முனை கூம்பாக வரும்படி டேப் சுற்றி, டால்கம் பவுடர் தடவி, ஒருவர் தள்ள ஒருவர் இழுத்தால் வந்துவிடும். தள்ளுபவர் சரியில்லாமல் இழுப்பவர் மட்டும் பலம் காட்டினால் டேப்தான் கையோடு வரும்.

இந்த அலமாரி ஆட்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் பைப் ஓடும் என்பது சுவரில் துளை போடும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டாமா? ஃபால்ஸ் சீலிங் போடுபவர்கள் அதற்கும் மேல். ஜங்ஷன் பாக்ஸ் எங்கே இருக்கிறது என்று ஒரு குறிகூட வைக்காமல் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். பெயின்டர்கள் போர்டு ஸ்குரூ தலையில் பட்டி பூசிவிட்டுப் போவார்கள். பிறகு விளக்கு எரியாதபோது கூப்பிடுவது நம்மை. சீலிங்கில் துளை போட்டால் "அழகா இருந்த சீலிங்கைக் கெடுத்துட்டாரு" என்ற கெட்ட பெயரும் நமக்கே. அதனால் சீலிங் மூடுவதற்கு முன்பே நானே போய் ஒவ்வொரு பாக்ஸையும் பக்கத்துச் சுவரிலிருந்து அளந்து, டேப்போடு சேர்த்துப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுகிறேன். அதற்குக் கூலி யாரும் தருவதில்லை.

என்ன கருவி முதலில் வாங்கலாம் என்ற கேள்வியும் உங்களுக்கு வரும். மல்டிமீட்டர் இருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்தது லீக்கேஜ் பார்க்கும் கிளாம்ப் மீட்டர். ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து அதன் வாய்க்குள் விட்டால் போன கரண்டும் வந்த கரண்டும் கழிந்துபோய், எர்த்துக்கு நழுவுவது மட்டும் காட்டும். எதையும் கழற்றாமலேயே எந்த சர்க்யூட் என்று தெரிந்துவிடும். சாதாரண கிளாம்ப் மீட்டர் இதற்குச் சரிவராது, 20, 30 மில்லியாம்பியர் அதன் கண்ணுக்கே தெரியாது. வாங்கும்போது மில்லியாம்பியர் ரேஞ்ச் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.