பீரோவில் பூட்டிய சீட்டு

கேள்வி: எங்கள் மகளுக்கு வரும் ஆவணியில் நாலு வயது முடிகிறது. இன்னும் பேச்சு வரவில்லை. தறிச் சத்தத்திலும் அசையாமல் தூங்குவாள், சமத்துக் குழந்தை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். போன மாதம் தனியார் மருத்துவமனையில் காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுத்தார்கள். இரண்டு காதும் கேட்கவில்லை, காக்ளியர் இம்ப்ளான்ட் என்று காதுக்குள் அறுவை செய்து பொருத்துகிற கருவி வைக்க ஏழெட்டு லட்சம் ஆகும் என்கிறார்கள். விசைத்தறியில் எனக்கு மாதம் ஒன்பதாயிரம் வருகிறது, வேறு வருமானம் இல்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன்பு அங்கன்வாடிக்கு வந்த டாக்டர் குழு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தது. அப்போது தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்ததால் அம்மா அதை பீரோவில் வைத்துவிட்டார். இந்த மாதிரிக் குழந்தைகளுக்கு அரசாங்கம் பண உதவி செய்யுமா? இல்லை, அப்பா விட்டுப்போன நாற்பது சென்ட் இடத்தை விற்றுவிடலாமா?
(பெயர் வேண்டாம், சங்கரன்கோவில் பக்கம்)

பதில்: தம்பி, இடத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்தச் சீட்டு.

அது என்ன சீட்டு என்று இன்றுவரை உங்கள் வீட்டில் யாராவது படித்தீர்களா? 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் ஒன்று உண்டு. ஆர்.பி.எஸ்.கே. என்று சுகாதாரத் துறையில் சொல்வார்கள். பிறந்த குழந்தையிலிருந்து 18 வயதுவரை பரிசோதிக்க வேண்டும், அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறை, பள்ளிக்கு ஒரு முறை போக வேண்டும் என்பது விதி. அந்தக் குழு வந்த வண்டி, அவர்கள் சம்பளம், குழந்தைகளின் குறைகளைச் சின்ன வயதிலேயே பார்த்துச் சிகிச்சை தொடங்குவதற்காக அவர்கள் அனுப்பச் சொன்ன மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம், அங்கே இருக்கிற காது பரிசோதனைக் கருவி எல்லாமே தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் பணம். மத்திய அரசு நூற்றுக்கு 60, மாநில அரசு 40.

“அரசாங்கம் பண உதவி செய்யுமா” என்று கேட்கிறீர்கள். செய்தது. உங்கள் தெருவுக்கே வந்து, உங்கள் மகளின் காதருகே கைதட்டிப் பார்த்து, சந்தேகப்பட்டு, பெயர் எழுதி, கையில் கொடுத்துவிட்டுப் போனது. நீங்கள் அதைப் பூட்டி வைத்துவிட்டு, இப்போது வெளியே நின்று கேட்கிறீர்கள்.

தறிச் சத்தத்தில் குழந்தை தூங்கியதைச் சமத்து என்று நினைத்ததற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். தறிக்கூடத்தில் எல்லோரும் கத்தித்தான் பேசுவீர்கள், பாதி நேரம் கையாட்டித்தான் பேசுவீர்கள். அந்த வீட்டில் காது கேட்காத குழந்தையைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் இரண்டரை வயதில் ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகு அது தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தும் தள்ளிப்போட்ட விஷயம்.

அம்மா வைத்துவிட்டார் என்கிறீர்கள். சரி, வைத்தார். அம்மா பூட்டினால் திறக்க உங்களுக்குக் கை இல்லையா? வீட்டுக்குள் ஒரு தப்பு நடந்தால் அதை அம்மா கணக்கில் எழுதிவிட்டுத் தறிக்குக் கிளம்பிவிடுகிற மகன்களை இந்தப் பக்கத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். அம்மாவுக்குப் பயம் இருந்திருக்கும்: அண்ணன் பிள்ளைக்குக் காது கேட்காது, அந்த வீட்டுப் பெண்ணுக்கும் அப்படிப் பிறந்துவிடுமோ என்று பெண் பார்க்க வருகிறவர்கள் பேசுவார்கள். பேசத்தான் செய்வார்கள். அப்படிப் பேசி எழுந்துபோகிற சம்பந்தம் போகட்டும் என்று சொல்ல வேண்டியது அண்ணனான நீங்கள். அந்தத் தங்கையையாவது ஒரு வார்த்தை கேட்டீர்களா? அவள் பெயரைச் சொல்லி அவள் அண்ணன் மகளுக்கு வைத்தியம் நிறுத்தியிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியுமா? தங்கைக்குச் செய்ய வேண்டிய கடமை பெரிதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் தகப்பன் ஆன பிறகு அண்ணன் வேலை இரண்டாவது. இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

கல்யாணத்துக்கு ஒரு வருஷம் தள்ளினால் முகூர்த்தம் மறுபடி வரும். காதுக்கு அப்படி இல்லை. மூளையில் கேட்பதற்கென்று இருக்கிற பகுதி முதல் சில வருஷங்களில்தான் ஒலிக்குப் பழகுகிறது. அங்கே சத்தமே போகவில்லையென்றால் பார்ப்பது போன்ற மற்ற வேலைகள் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் ஒரு வயதில், இரண்டு வயதில் கருவி வைத்த குழந்தை பேசுவதற்கும் நாலு வயதுக்கு மேல் வைத்த குழந்தை பேசுவதற்கும் வித்தியாசம் இருக்கும். அரசாங்கம் போட்டிருக்கிற வயது வரம்புகளுக்கும் இதுதான் காரணம். பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் கிடைக்க வேண்டுமானால் 5 வயது தாண்டக் கூடாது. நம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6. உங்கள் மகள் இரண்டுக்கும் இன்னும் உள்ளேதான் இருக்கிறாள். அது உங்கள் சாமர்த்தியம் இல்லை, அவள் அதிர்ஷ்டம்.

இப்போது பணம். நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி தனியார் மருத்துவமனை பில்லைக் காட்டினால் அரசாங்கம் கையில் காசு தராது. அறுவை சிகிச்சை, கருவி, பயிற்சி என்று சேவையாகத்தான் தரும். முதலமைச்சர் காப்பீட்டுக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் ஒன்பதாயிரம் என்றால் 1,08,000, நீங்கள் உள்ளே வருகிறீர்கள். காப்பீட்டு அட்டை இல்லையென்றால் ரேஷன் கார்டும் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானத்துக்கு அத்தாட்சியும் வாங்கி, கலெக்டர் ஆபீஸில் இருக்கிற காப்பீட்டு மையத்தில் பதிந்துகொள்ளுங்கள். திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே இந்த அறுவை நடக்கிறது. சென்னைக்கு ஓட வேண்டாம். கூடவே மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் எழுதிப்போடுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு காதிலும் 70 டெசிபலுக்கு மேல் இழப்பு இருந்தால் செவித்திறன் இழந்தவர் என்று சான்றிதழ் கிடைக்கும். அட்டையில் பெயர் ஏறினால் கல்யாணச் சந்தையில் கேவலம் என்று அம்மா மறுபடி ஆரம்பித்தால், பஸ் சலுகையிலிருந்து பள்ளி உதவித்தொகைவரை அந்த அட்டை வழியாகத்தான் வரும் என்று சொல்லுங்கள்.

அலைய விடுவார்கள். பொய் சொல்ல மாட்டேன். ஒரு நாள் காது பரிசோதிக்கிற ஆடியாலஜிஸ்ட் இருக்க மாட்டார், ஒரு நாள் கையெழுத்துப் போடுகிறவர் இருக்க மாட்டார். எல்லா மாவட்டத்திலும் எல்லாப் பணியிடமும் நிரம்பியிருக்கவில்லை, அதற்காக அரசாங்கத்தைத் திட்ட எனக்கும் ஆசைதான். ஆனால் ஒரு தடவைகூடப் போகாத நீங்கள் திட்டக் கூடாது.

இடத்தை விற்காதீர்கள். அறுவை ஒரு நாள் வேலை, அதற்குப் பின்னால்தான் செலவும் உழைப்பும். கருவியை இயக்கி, குழந்தைக்குத் தகுந்தபடி அதன் ஒலி அளவைச் சரிசெய்ய (மேப்பிங் என்பார்கள்) மறுபடி மறுபடி போக வேண்டும். காதுக்கு வெளியே மாட்டுகிற கருவிக்கு கேபிள் போகும், பேட்டரி தீரும். செவிவழிப் பேச்சுப் பயிற்சிக்கு மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் போக வேண்டும், போகிற நாளெல்லாம் தறிக்கூலி போகும். அந்த நாற்பது சென்ட் அப்போது உதவும். பயிற்சி என்பது டீச்சர் பேச, குழந்தை திருப்பிச் சொல்வது என்று நினைத்துவிடாதீர்கள். சென்னையில் 1969-ல் தொடங்கிய பாலவித்யாலயா, காது கேளாத சின்னக் குழந்தைகளுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிற இடம். அங்கே வகுப்பில் குழந்தையோடு அம்மாவும் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். வாரத்தில் சில மணி நேரம் பயிற்சியாளர், மிச்சம் முழுக்க வீடு. உங்கள் வீட்டில் அதற்குத் தறிச் சத்தம் கேட்காத ஒரு மூலை வேண்டும். பக்கத்து வீட்டுத் திண்ணையோ, கோயில் மண்டபமோ, ஏற்பாடு செய்யுங்கள். நீங்களும் உட்காருங்கள்.

திங்கட்கிழமை கூலிக்குப் போக வேண்டாம். அந்தச் சீட்டு, பெரா ரிப்போர்ட், ரேஷன் கார்டு, குழந்தையின் ஆதார், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் எடுத்துக்கொண்டு இடையீட்டு மையத்துக்குப் போங்கள். சீட்டில் பழைய தேதி இருக்கிறதே என்று மறைக்காதீர்கள், அப்படியே நீட்டுங்கள்.

இன்னொன்று. கடிதத்தில் அம்மா வருகிறார், தங்கை வருகிறாள், செத்துப்போன அப்பாகூட வருகிறார். குழந்தையைப் பெற்றவளைப் பற்றி ஒரு வரி இல்லை. மையத்தில் அந்தத் தேதியைப் பார்த்ததும், “இவ்வளவு நாள் என்னம்மா பண்ணிக்கொண்டிருந்தாய்?” என்று அவளைப் பார்த்துத்தான் கேட்பார்கள். எல்லா இடத்திலும் அப்படித்தான் கேட்கிறார்கள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால், “நான்தான் கூட்டிக்கொண்டு வரவில்லை” என்று நீங்கள் சொல்லுங்கள்.