பாட்டு நிக்கிறது டெக்னிக்காலயா, மெட்டாலயா?

நல்ல மியூசிக்குக்கு டெக்னிக் கட்டாயமா, இல்ல புது மெட்டு இருந்தாக் காணுமா எண்டு கேட்டிருக்கிறீங்க. எனக்கெண்டா ரெண்டும் முழுசாச் சரியில்ல.

எங்கட மட்டக்களப்புக் கூத்த எடுங்க, அதப் பழக்கி நடத்துற அண்ணாவியார்மார் கனபேர் சுரம் எழுதிப் படிச்ச ஆக்களில்ல, ஆனா ஆடுறவன்ட காலப் பாத்து மத்தளம் அடிச்சு, சல்லரித் தாளமும் பின்னால சேந்து பாடுற பிற்பாட்டும் பிசகாம விடிய விடியக் கொண்டு போவாங்க, ஆட்டத்த முடிச்சுத் தாளம் தீர்க்கிற இடத்தில ஒரு அடி பிந்தினாலும் சபைக்கு விளங்கிரும். இது டெக்னிக் இல்லாம வேறென்ன? சேட்டிபிக்கட்தான் இல்ல.

அம்பாறைப் பக்கம் வயல் காவல்ல பாடின நாட்டார் கவி வேற மாதிரி, நாலு வரி, வாத்தியம் ஒண்டுமில்ல, மெட்டும் எல்லாருக்கும் பொதுவான பழைய மெட்டுத்தான். புதுசெல்லாம் சொல்லுலயும், பாடுறவர் எங்க இழுத்து எங்க நிப்பாட்டுறார் எண்டதிலயும்தான். கிட்டார்ல விரல் பறக்கிற சோலோவ விட எனக்கு அந்த இழுப்புத்தான் பெரிய வித்தை.