அத்தை எண்ணிக்கொண்டிருந்தாள்

அன்புள்ள ஐயா,

காட்பாடியில் இருக்கிறேன், கல்லூரி மூன்றாம் ஆண்டு. எழுத வேண்டுமென்றால் மனிதர்களைக் கவனி என்கிறார்கள். ஆறு மாதமாகக் கல்லூரி முடிந்ததும் வேலூருக்கு வந்து சிஎம்சி ஆஸ்பத்திரி எதிரிலும் கோட்டைப் பூங்காவிலும் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர்களைப் பற்றிக் குறிப்பெழுதுகிறேன். நோட்டில் எழுதுவது நல்லதா, மொபைலிலா? அவர்களுக்குத் தெரியாமல் எழுதுவது தப்பா? இவை எப்போது கதையாகும்? நான்கு பக்கங்களை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நோட்டா மொபைலா என்பதெல்லாம் ஒரு கேள்வியா? பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில்கூட எழுதுங்கள்.

உங்கள் நான்கு பக்கங்களையும் இரண்டு முறை படித்தேன். ஒன்பது இடத்தில் ‘சோகமான கண்கள்’ வருகிறது. லாட்ஜ் வாசலில் நிற்கும் வங்காளி அம்மாவுக்குச் சோகமான கண்கள். ஆட்டோக்காரருக்கும் அதே. அகழித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த பையனுக்கும் அதே. ஆஸ்பத்திரி எதிரில் உட்கார்ந்தால் எல்லோரும் சோகமாகத்தான் இருப்பார்கள் என்று முடிவு செய்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். அப்புறம் எதற்கு ஆறு மாதம்? வீட்டிலிருந்தே எழுதியிருக்கலாமே.

கோபமாகத்தான் சொல்கிறேன். ஏனென்றால் இதே தப்பை நானும் செய்தேன். சில நாட்களாக அந்த நினைப்பாகவே இருந்தேன், உங்கள் கடிதம் வந்தது.

1988. மாவட்டத்தை இன்னும் பிரிக்கவில்லை, எல்லாம் வடஆர்க்காடுதான். லீவுக்குக் குடியாத்தத்தில் அத்தை வீட்டுக்குப் போவேன். அத்தை பீடி சுற்றுவாள். விடிந்ததும் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து மடியில் முறத்தை வைத்துக்கொண்டால் சாயங்காலம் வரை அதே இடம். கை மட்டும் ஓடும். பார்வை தெருவைத் தாண்டி எங்கேயோ இருக்கும். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். மாமா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஒரே ராத்திரியில் கதை எழுதிவிட்டேன். இறந்த கணவனை நினைத்து, தொலைவை வெறித்தபடி பீடி சுற்றும் விதவை. மறுநாள் அவளுக்கே படித்துக் காட்டினேன், அழுவாள் என்று எதிர்பார்த்து.

“இன்னாடா எழுதிக்கிற? நான் எண்ணிகினு இருந்தேன்டா” என்றாள்.

ஒரு கட்டுக்கு இருபத்தைந்து. நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம். கூலி ஆயிரத்துக்குத்தான். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தவறும், அதனால்தான் திரும்பவில்லை. வாங்குகிற இடத்தில் சரியில்லை என்று கழித்துப் போடுவதற்குக் கூலி கிடையாது. அதற்கும் சேர்த்து நாலு கூட வைக்க வேண்டும், ஆனால் எடை போட்டுக் கொடுத்த இலையும் தூளும் அதற்குள் அடங்க வேண்டும். இத்தனை கணக்கும் ஓடிக்கொண்டிருந்த முகத்தைத்தான் நான் சோகம் என்று எழுதியிருந்தேன். துக்கம் இல்லாமல் இல்லை. அதை அவள் ராத்திரி விளக்கணைத்த பிறகு வைத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

கேட்காமல் எழுதியதற்கு அவளுக்குக் கோபமே இல்லை. இலையைக் கத்தியால் வெட்டினாள் என்று எழுதியிருந்தேன், அதற்குத்தான் கோபம். “எவடா கத்தியால வெட்டுவா?” அன்றைக்கு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கத்தரியைக் கையில் கொடுத்தாள். ஈரச் சாக்கில் சுற்றி வைத்த இலை எப்படிப் பதமாகும், தகட்டை வைத்து அளவாக எப்படி வெட்டுவது, தூளை வைத்துச் சுற்றி, வாயை மடித்து நூலைக் கட்டுவது என்று எல்லாவற்றையும் காட்டினாள். பொழுது சாய்வதற்குள் நான் சுற்றியது பதினொன்று. அத்தனையையும் பிரித்துப் போட்டுத் தூளை எடுத்துக்கொண்டாள்.

உங்கள் வங்காளி அம்மாவிடம் வருகிறேன். காந்தி ரோடு பக்கத்து லாட்ஜுகளில் தங்குகிறவர்கள் வாரக்கணக்கில் அங்கேயே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். கடைப் பலகைகளில் வங்காள எழுத்து இருப்பது வேறெதற்கு? அந்த அம்மா கையில் பை இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பையில் என்ன இருந்தது? வங்கதேசத்திலிருந்து வந்தவராக இருந்தால், உருளைக்கிழங்கு விலையை மனசுக்குள் தன் நாட்டு டாகா பணமாக மாற்றிப் பார்த்துக்கொண்டுகூட நின்றிருக்கலாம். எதிர்ப்பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தால் இது தெரியாது தம்பி. ரோட்டைத் தாண்டிப் போய் அதே காய்கறி வண்டியில் கால் கிலோ தக்காளி வாங்குங்கள். என்ன பேரம் நடக்கிறது, எந்த மொழியில் நடக்கிறது என்று காதில் விழும்.

எப்போது கதையாகும் என்று கேட்டிருந்தீர்கள். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: ‘ஒரு பெரியவர் எக்ஸ்ரே உறையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வெயிலில் ரோட்டைக் கடந்தார்.’ இது நீங்கள் கண்ணால் பார்த்தது. படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் அடுத்த வரியிலேயே அவரை விட்டுவிட்டு ஆட்டோக்காரரின் கண்களுக்குப் போய்விட்டீர்கள். அந்த உறையைத் தன் தலைக்குப் பிடித்தாரா, கூட வந்தவர் தலைக்கா? கூட யாராவது வந்தார்களா? அதை எழுதி அனுப்புங்கள்.