இதய ஆபரேஷன் முடிந்தவருக்கு நாதஸ்வரம், தேவாரம் என்று நம்ம ஊர் இசையைப் போட்டால் வலியும் பயமும் குறையுமா?

குறையும். என் அப்பாவுக்குக் குறைந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன். நீங்களும் இப்போது ஏதோ ஓர் ஆஸ்பத்திரி வராண்டாவில் இருந்துதான் கேட்டிருப்பீர்கள் என்று தோன்றுகிறது.

எங்களுக்கு ஊர் ஆடுதுறைப் பக்கம். இரண்டு வருஷம் முன்பு அப்பாவுக்குத் தஞ்சாவூரில் பைபாஸ் நடந்தது. ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றிய பிறகுதான் கஷ்டமே ஆரம்பித்தது. நெஞ்செலும்பை அறுத்துத் திரும்பக் கம்பியால் கட்டியிருப்பார்கள். சளி கட்டாமல் இருக்க, தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்வார்கள். அப்பா தலையணையை அணைத்துக்கொள்வார், இரும மாட்டார். தையல் பிரிந்துவிடுமோ என்ற பயம். மூன்று பந்து வைத்த மூச்சுப் பயிற்சிக் கருவியில் ஒரு பந்துகூட எழும்பாது. ராத்திரியில் தூக்கமும் இல்லை. கண்ணை மூடினால் திறக்க மாட்டோம் என்று நினைத்தாராம், பின்னால்தான் சொன்னார்.

தம்பி போனில் மனதை அமைதியாக்கும் இசை என்று எதையோ தேடிப் போட்டான். தண்ணீர் சலசலப்பு, நடுவில் புல்லாங்குழல். ஐந்து நிமிஷம் பொறுத்துவிட்டு, "அதை நிறுத்துடா, எழவு வீட்டுல படுத்திருக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

அப்புறம் நான் நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடி ராகத்தைப் போட்டேன். அவர் 1956-இல் காலமானபோது அப்பாவுக்கு விவரம் தெரியாத வயசு. ஆனால் தாத்தா, சாமி புறப்பாட்டின் பின்னாலேயே நடந்து அவரைக் கேட்டவர். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே அப்பாவை வளர்த்தார். ஆலாபனை முடியும்வரை அப்பா அசையவில்லை. அடுத்து தவிலோடு ஒரு கீர்த்தனை வந்தது. கட்டில் கம்பியில் விரல் தாளம் போட ஆரம்பித்தது. ஆக்சிஜன் பார்க்கிற கிளிப் மாட்டியிருந்த விரல். மானிட்டர் கத்த, நர்ஸ் ஓடி வந்து, "ஐயா, விரலை ஆட்டாதீங்க" என்றார். அப்பா தாளத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

அன்று ராத்திரி மூன்று மணி நேரம் தூங்கினார். காலையில் நாயனம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இருமினார். முகம் சுருங்கிப் போனது, ஆனாலும் இருமினார். இரண்டு பந்து ஏறியது.

மாத்திரையை நிறுத்தச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எல்லா மாத்திரையும் வேளை தவறாமல் கொடுத்தோம். இந்த நோய்க்கு இந்த ராகம் என்று வாட்ஸப்பில் வரும் பட்டியலை நானும் நம்புவதில்லை. ஆனால் 2013-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு, இதய நோயாளிகள் 1369 பேரிடம் நடந்த 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. இசையால் பதற்றம் குறைகிறது, நோயாளியே தேர்ந்தெடுத்த இசை என்றால் கூடுதலாகக் குறைகிறது, ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கேட்டால் வலியும் கொஞ்சம் குறைகிறது என்று வந்தது. கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில்தான் அப்பா இருமினார்.

அதனால் ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவரிடமே கேட்டுவிட்டுப் போடுங்கள். அவருக்குத் தேவாரமாக இருக்கலாம், நடவுப் பாட்டாக இருக்கலாம். நாயனம் என்றால் சத்தத்தை நன்றாகக் குறைத்து வையுங்கள், பக்கத்துக் கட்டில்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை. நரசிங்கம்பேட்டையில் செய்கிற நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊருக்குப் பக்கத்திலேயே போன தை மாதம் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். வாசலில் செண்டை மேளம், உள்ளே டிஜே. வாசிக்க வந்த செண்டைக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, நம்ம ஆட்கள் மேல்தான். நாயனக்காரரையும் தவில்காரரையும் ஜெனரேட்டர் பக்கம் ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டு, தாலி கட்டும்போது மட்டும் "கெட்டிமேளம்" என்று கத்தினார்கள். சாப்பிடக்கூட யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் அப்பாதான் எழுந்துபோய் இரண்டு பேரையும் பந்திக்குக் கூட்டிவந்து, தன் பக்கத்தில் இலை போடச் சொன்னார்.